காலி பாட்டிலைத் திருப்பித் தரவும்

பாட்டில்கள் திரும்பி வரவில்லை என்று எழிலரசி முதன்முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொடுத்த டிபன் பாக்ஸே திரும்பி வராத ஊரில் பாட்டில் வருமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தன் வீட்டுக் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழிலரசி எனக்கு எதிர் வீடு. திருமுல்லைவாயிலில், பழைய வயல்காட்டை மனையாக்கிக் கட்டிய குடியிருப்பில், இரண்டு பேரும் மூன்றாவது மாடி. திண்டுக்கல்லில் இருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் தினேஷுக்கு ஆவடியில் மத்திய அரசு வேலை. இவள் வீட்டில் கேக்கும் ஜாமும் செய்து விற்றாள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு வழக்கப்படி பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியில் ஊறவைத்து, ஒயின் வடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் குடியிருப்புக்காரர்கள் விடுவார்களா? "எழில், அடுத்தது எப்போ?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டே அவளை வியாபாரியாக்கிவிட்டார்கள். ஓசியில் வாங்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட விலை சொன்னால் தைரியமாகக் கேட்பார்கள்.

அவளும் அதை அழகாகத்தான் செய்தாள். கண்ணாடி பாட்டில், அதில் லேபிள். ஒரு திராட்சைக் கொத்து, 'எழில் ஹோம் ஃபுட்ஸ்', அவள் செல் நம்பர், வீட்டு முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். எல்லாவற்றுக்கும் கீழே, 'காலி பாட்டிலைத் திருப்பித் தரவும்'. குடித்து முடித்தவர்கள் பாட்டிலைக் கழுவி, மஞ்சப்பையில் போட்டு, அவள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவள் வெந்நீரில் கொதிக்கவைத்து மறுபடி நிரப்புவாள். காலையில் நான் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் எதிர்க் கைப்பிடியில் இரண்டு மூன்று பைகளாவது தொங்கும்.

அந்தப் பதிவு எண்ணைப் பார்த்து நான் ஒருநாள் கேட்டேன், "இது ஒயினுக்கும் வாங்கினதா?"

"கேக்குக்கும் ஜாமுக்கும் வாங்கினது சுதாக்கா. எல்லாம் சாப்பிடற பொருள்தானே. ஒரே நம்பர் போதும்னு நெனச்சேன். நம்பர் இருந்தா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை."

எனக்கு உறுத்தியது. என் தங்கை காவ்யா பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல். அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த நம்பர் கேக்குக்கு. ஒயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புளிக்கவச்சுப் போதை வர்ற எதுவா இருந்தாலும் மதுவிலக்குச் சட்டத்துல அது மதுதான். திராட்சைன்னாலும் நெல்லிக்காய்னாலும் ஒண்ணுதான். செய்யறதுக்கே லைசென்ஸ் வேணும். அது பெரிய ஆலைக்குக் குடுக்கறது, சமையல்கட்டுக்குக் கெடையாது. விக்கறது கவர்ன்மென்ட் மூலமாத்தான். உங்க எதிர்வீட்டம்மா செய்யறதும் குத்தம், விக்கறதும் குத்தம். போதாக்குறைக்கு அட்ரஸ் வேற அச்சடிச்சு ஒட்டியிருக்காங்க."

"எல்லாரும்தானே செய்யறாங்க?"

"எல்லாரும் லேபிள் ஒட்டறாங்களா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்குக் கலரில் லேபிள் அடித்தவளை இப்போதுதான் பார்த்தேன். எழிலிடம் சொன்னேன். அவள் பயந்தாள், உண்மையாகவே பயந்தாள். போட்டிருக்கும் ஜாடிகளை மட்டும் காலி பண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் டில்லிபாபு வந்து சேர்ந்தார்.

டில்லிபாபுவை எங்கள் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணீர் கேன் போடுகிறவர். இந்த மனையெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய பங்காளிகளின் நிலம் என்பார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துளசிமணி, எந்நேரமும் சிரித்த முகம். ஆனால் கேன் விஷயத்தில் மட்டும் ஆள் கறார். ஒரு காலிக் கேனைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் தவறினால் போன் வந்துவிடும். "மேடம், உங்க ஊட்ல ரெண்டு கேன் நிக்குது" என்று மாடிப்படியில் வைத்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

அவர்தான் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று ஒயின் கேட்டார். பிறகு சர்ச்சுக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். பிறகு காரணமே சொல்லவில்லை. வேனில் தண்ணீர் கேன்களை இறக்கிவிட்டு ஒயின் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போனார். "இத்தோட போதும்னு இருக்கேன் அண்ணா" என்று எழில் ஒவ்வொரு முறையும் சொன்னாள். "இன்னா சிஸ்டர், கைராசிய கெடுத்துக்காத" என்று அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்தார். காலி பாட்டில் எங்கே என்றால், "எங்க பூடப் போவுது, வரும்" என்றார்.

காலிக் கேனுக்குக் கழுத்தைப் பிடிக்கிற மனுஷன், காலி பாட்டிலை மறந்துபோவாரா? இதை நான் எழிலிடம் சொன்னேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே, "இன்னொண்ணும் கேட்டார்க்கா" என்றாள்.

"என்ன?"

"லேபிள். வேன்ல ஒரசி கிழிஞ்சு போகுது, எக்ஸ்ட்ராவா கொஞ்சம் குடுன்னார். ஒரு கட்டு குடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்த பெண், எம்.எஸ்ஸி. முடித்தவள், தன் பெயரையும் முகவரியையும் கட்டாகக் கட்டி ஒருவன் கையில் கொடுத்திருக்கிறாள். திட்டினேன். அவள் அழுதாள். அழுகையைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் லேபிளை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

தெரிந்தது வேப்பம்பட்டில். அங்கே எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. வாங்கிப் போட்டதோடு சரி, வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. முள்ளை வெட்ட ஆள் பேச நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். காலி மனை என்றால் நம் ஊரில் அது குடிகாரர்களுக்கு எழுதிவைத்த சொத்து. மரத்தடியில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய் உறை. நடுவில் ஒரு கண்ணாடி பாட்டில். அதன் மேல் திராட்சைக் கொத்து.

நான் குனிந்து எடுத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழில் செய்வது கருஞ்சிவப்பாக இருக்கும், கையில் பட்டால் கறை போகாது. இது ரோஸ்மில்க் கலரில் இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியில் திராட்சை இல்லை, பட்டை கிராம்பு இல்லை. மர பீரோவுக்கு பாலிஷ் போடும்போது வீடு முழுக்க வருமே, அந்த நெடி.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "அது திராட்ச ஒயின்மா. கட சரக்க விட சல்லிசு. நம்பர் போட்டு வருது, ஒண்ணும் பண்ணாது" என்றார்.

பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். எழில் முகர்ந்து பார்த்தாள். மூடியை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது நான் செஞ்சது இல்லக்கா" என்றாள். பிறகு அதையே இன்னொரு முறை சொன்னாள்.

மறுநாள் காலை டில்லிபாபு தண்ணீர் கேனோடு மாடி ஏறி வந்ததும், நாங்கள் இருவரும் பாட்டிலை அவர் முன்னால் நீட்டினோம். அவர் பதறவில்லை. கேனை மெதுவாகக் கீழே வைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சிஸ்டர் இது?"

"நீங்கதான் சொல்லணும். இதுல என்ன ஊத்துனீங்க?"

"நானா? இதுல எம்பேரு எங்கனா கீதா பாரு." லேபிளின் மேல் விரலை வைத்து வரிவரியாகக் காட்டினார். "உம்பேரு கீது. உன் போன் நம்பர் கீது. உன் ஊட்டு அட்ரஸ் கீது. நான் தண்ணி கேன் போடுறவன் சிஸ்டர்."

"போலீஸ்ல சொல்லுவோம்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தினமும் பார்க்கிற அதே சிரிப்புதான்.

"தாராளமா போ மேடம். போயி இன்னான்னு சொல்லுவ? 'இது என்னோடது இல்ல, அதுதான் என்னோடது'ன்னா? மொதல்ல அத சொன்னா உள்ள வெப்பான். அப்பால தான் இத விசாரிப்பான்." கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "கம்முனு செஞ்சிகினு இருங்க. லேபிள் தீந்து பூட்ச்சி சிஸ்டர், இன்னொரு கட்டு எட்த்து வையி."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். எழில் திருடியும் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்க முடியாமல் நின்றாள்.

காவ்யாவிடம் கேட்டபோது அவள் சுற்றி வளைக்கவில்லை. "நாளைக்கே நான் கூட வர்றேன். அவங்களாப் போய் நடந்ததைச் சொல்லட்டும். கேஸ் வரும், வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டு ஒயின் கேஸ் வேற. அந்தப் பாட்டிலைக் குடிச்சு யாராவது விழுந்துட்டா அது வேற கேஸ். செத்துட்டா ஆயுள் வரைக்கும் போகும். அப்ப போய் என்னோடது இல்லன்னா எவன் நம்புவான்?"

எழில் போகத் தயாராகத்தான் இருந்தாள். தினேஷ்தான் விடவில்லை. "வீடு எம்பேர்ல இருக்கு. என்னையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க. சஸ்பெண்ட் பண்ணிட்டா எங்க போறது? எல்லாத்தையும் ஊத்திரு. லேபிளைக் கொளுத்து. போனை மாத்து. நாம ஒண்ணும் செய்யல, நமக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? சம்பளக்காரன் பயம் அப்படித்தான் பேசும். ஆனால் என்னால் எரிச்சலை அடக்க முடியவில்லை.

ஜாடி ஜாடியாகக் குளியலறையில் ஊற்றினார்கள். புளித்த திராட்சையின் வாசம் குழாய் வழியாக இறங்கி மாடிக்கு மாடி பரவியது. கீழ்வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில், "யார் வீட்டில் பார்ட்டி?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் பழ ஈக்கள் மொய்த்தன. நானும் துடைப்பத்தால் ஓட்டிப் பார்த்தேன், போகவில்லை.

அதற்குப் பிறகு எழில் தண்ணீர் கேனை நிறுத்திவிட்டாள். ஆனாலும் தினமும் காலையில் அவள் வாசலில் ஒரு நிறைந்த கேன் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு புதுக்கேன் வைத்துவிட்டுப் போனார் டில்லிபாபு. கதவைத் தட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் என்னைப் பார்த்தால், "சாப்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்பார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். எழில் கேக் செய்வதையும் நிறுத்திவிட்டாள். லிப்ட் மணி அடித்தால் இரண்டு வீட்டிலும் கதவின் ஓட்டை வழியே பார்த்தோம்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் லிப்ட் திறந்தது. போலீஸ் இல்லை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கசங்கிய புடவை, கையில் மஞ்சப்பை. கதவு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து எழில் வீட்டு மணியை அடித்தாள். நான் வெளியே வந்தேன். எழிலும் திறந்தாள். அவள் பின்னால் தினேஷ் நின்றான். அன்று அவன் லீவு.

"எழிலுன்றது நீதானாம்மா?" அந்தப் பெண் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "எம்பேரு அஞ்சலை. வேப்பம்பட்டுலருந்து வரேன். இதுல கீற அட்ரஸ எங்க பொண்ணு படிச்சி சொல்லிச்சி."

எழிலின் கண் அந்த லேபிளிலேயே நின்றது.

"சண்டைக்கி வரலம்மா. உன் சரக்கு நல்ல சரக்குதான். எங்க ஊட்டுக்காரரு கட சரக்கெல்லாம் உட்டுட்டு இதத்தான் சாப்டுறாரு, நம்பர் போட்டு வருது, ஒடம்புக்கு நல்லதுன்னு. நேத்து சாப்டதுலருந்து ஒரே வாந்தி. பக்கத்துல கிளினிக்ல காட்டுனேன். இன்னா குடிச்சாருன்னாங்க. ஊட்ல செஞ்ச திராட்ச ஒயினு, லேபிள் கீதுன்னு காட்டுனேன். அப்ப கேஸ் டிரபுள்தான்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. காலீலருந்து கண்ணுல பொக மூட்டுன மாறி கீதுன்றாரு. நான் எதுர்ல நின்னா யாருன்னு கேக்குறாரு. இதுல இன்னா போடுற நீ? அத மட்டும் சொல்லும்மா. டாக்டராண்ட சொல்லணும்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். தலைமுடியைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் சமையல் குறிப்பு கேட்பது போலப் பணிவாகக் கேட்டாள். எழிலின் முகத்தில் ரத்தமே இல்லை.

தினேஷ் அவள் தோளுக்குப் பின்னால் இருந்து, "இங்க அப்படி யாரும் ஒயின் செய்யறதில்ல. அட்ரஸ் தப்பு. போங்கம்மா" என்றான்.

அஞ்சலை லேபிளைப் பார்த்தாள், கதவு எண்ணைப் பார்த்தாள், எழிலைப் பார்த்தாள். பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடமே நீட்டினாள். எழில் வாங்கிக்கொண்டாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இது ஒயின் இல்ல. இது பாலிஷ் போடற ஸ்பிரிட், விஷம். உடனே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே" என்றாள்.

"எழில்!" என்றான் தினேஷ்.

"ஒயின்னுதானே நான் எல்லாராண்டயும் சொல்லிகினு கீறேன்?" அஞ்சலைக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "லேபிள காட்டுறேன், எல்லாரும் ஒயின்தான்றாங்க. நான் போயி இல்லன்னா நம்புவாங்களா? நீ வந்து சொல்லும்மா. உன் கால்ல வேணா உழுறேன், நீ வந்து சொல்லு."

எழில் அவளைக் குனிய விடவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சுதாக்கா, கேக்ல ஊத்தறதுக்குன்னு என்கிட்ட வாங்கின ஒயின் உங்ககிட்ட பாதி பாட்டில் இருக்குமே?"

இருந்தது. என் சமையலறை அலமாரியில், எண்ணெய் டின்னுக்குப் பின்னால். அதைக் கொட்டிவிட வேண்டும் என்று தினமும் நினைத்து, மனசு வராமல் வைத்திருந்தேன். அதைக் கொடுத்தால் நானும் வாங்கியவள் ஆவேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்? கால் நகரவில்லை. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் எடுத்து வந்தேன்.

தினேஷ் வாசலிலேயே நின்றுவிட்டான்; நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போகும்போதே காவ்யாவைக் கூப்பிட்டேன். அவள் கோர்ட்டில் இருந்தாள், கிளம்பி வருவதாகச் சொன்னாள். அஞ்சலை மகளிடம் போனில் பேசி, அப்பாவை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக வரச் சொன்னாள். குடியிருப்பு வாசலைத் தாண்டும்போது டில்லிபாபுவின் வேன் நின்றிருந்தது. அவர் காலிக் கேன்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டோவைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எழில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் எழில் இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்தாள். பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். எழில் சொன்னதைக் கேட்டு, இரண்டையும் முகர்ந்து பார்த்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அஞ்சலையின் கணவனை ஸ்டிரெச்சரில் வைத்து உள்ளே ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் காற்றில் கையைத் துழாவி அஞ்சலையைத் தேடினார். "இப்பவாவது சொன்னீங்களே. உயிருக்குப் பாக்கறோம். கண்ணைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள்.

ஆஸ்பத்திரி காவல் பிரிவிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். எழிலை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கருஞ்சிவப்பு பாட்டிலைத் தொட்டு, "இது என்னோடது" என்றாள். மற்றதைத் தொட்டு, "இது என்னோடது இல்ல. லேபிள் மட்டும் என்னோடது" என்றாள். டில்லிபாபுவின் பெயரையும் சொன்னாள்.

ஏட்டு எழுதினார். எழுதிய காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இது உங்களோடதுன்னு சொன்னீங்க இல்ல, அது வரைக்கும் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்கம்மா. தண்ணி கேன்காரர் சமாச்சாரத்த அப்புறமா விசாரிக்கலாம்."

"எங்க வக்கீல் வந்துட்டு இருக்காங்க" என்றேன்.

"வரட்டும். தாராளமா வரட்டும்." அவர் அந்த வெளிறிய பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். லேபிளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "இந்த லேபிள் மொத்தம் எத்தனை வெளிய போச்சு?"

எழில் என்னைப் பார்த்தாள். ஒரு கட்டு என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பின்னால் ஒரு கிழவி பாட்டில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். லேபிளில் இருந்த திராட்சைக் கொத்து எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.